ஒற்றை டிக்

2023 அக்டோபர் 23, திங்கள். மெக்சிகோ சிட்டி

தெற்கே பசிபிக்கில் ஓடிஸ் என்று ஒரு புயல் இருக்கிறதாம். கீழ்வீட்டு அம்மாவின் தங்கை பசிபிக் கரையோர ஊரான அகபுல்கோவில் இருக்கிறார். போனில் பேசிவிட்டு மேலே வந்த அம்மா, "கொஞ்சம் மழை வருமாம்" என்றார். தங்கைக்கு 1997-ல் பாலின் புயலைப் பார்த்த தைரியம். அன்று மலைச்சரிவு வீடுகளைத்தான் வெள்ளமும் சேறும் அடித்துக்கொண்டு போனது. இவர் இப்போது இருப்பது ஒன்பதாவது மாடி. சேறு அங்கே ஏறாது, சரிதான்.

அக்டோபர் 24, செவ்வாய்

காலையில்கூட ஹரிக்கேன், அதாவது கடும்புயல் என்ற அந்தஸ்து இல்லை. பிற்பகலில் ஒரு விமானம் புயலுக்குள்ளேயே போய் அளந்த பிறகுதான் ஆட்டம் மாறியது. இரவு பத்து மணிக்கு ஐந்தாம் வகை, அதற்கு மேல் வகையே கிடையாது. அமெரிக்க ஹரிக்கேன் மையத்தின் அறிக்கை வழக்கமாக வறட்சியான நடையில் இருக்கும். இன்று அதிலேயே "கொடுங்கனவு" என்ற சொல்லைப் பார்த்தேன். அம்மா வாட்ஸ்அப்பில் "ஜன்னல் பக்கம் படுக்காதே" என்று அனுப்பினார். "இங்கே காற்றே இல்லை" என்று பதில். 12.10-க்கு மறுபடி அனுப்பியதற்கு ஒற்றை டிக்.

அக்டோபர் 25, புதன்

ஒரு மணிக்கு முன்பே கரையேறிவிட்டது, மணிக்கு சுமார் 265 கி.மீ. வேகக் காற்றோடு. மெக்சிகோவின் பசிபிக் கரையை ஐந்தாம் வகைப் புயல் தொட்டதாக இதுவரை பதிவே இல்லையாம். ஒரே நாளில் காற்றின் வேகம் மணிக்கு 185 கி.மீ. கூடியிருக்கிறது, பயப்படக்கூட நேரம் கொடுக்கவில்லை. நெடுஞ்சாலையில் மண்சரிவு, போன் இல்லை, கரண்ட் இல்லை. சாலை வழியாகப் புறப்பட்ட அதிபரின் வண்டியே சேற்றில் மாட்டிக்கொண்டது.

ஒற்றை டிக்.

அக்டோபர் 28, சனி

யாரோ ஒருவரின் போனிலிருந்து தங்கை கூப்பிட்டார்! கட்டில் மெத்தையைக் குளியலறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, கழிவறைக் கோப்பையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாராம். கதவு மூச்சுவிடுவது போல உள்ளே வெளியே அசைந்ததாம், காதுக்குள் குத்துவலியாம். விடிந்து திறந்தால் ஹால் சுவர் இல்லை. எதிரே நேராகக் கடல். சோபா, டிவி, போன் எதுவும் இல்லை. பிரிட்ஜ் மட்டும் படுத்துக் கிடந்தது.

கடைகளைச் சூறையாடுவதாக டிவியில் ஓயாமல் சொல்கிறார்கள். "நானும் இரண்டு பால் எடுத்தேன், தண்ணீர் கிடைக்கவில்லை" என்றார். அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நவம்பர் 2, வியாழன்

இறந்தவர்கள் நாள். கீழ்வீட்டில் படையல், வாசல்வரை துலுக்கச் சாமந்தி. காணாமல் போனவர்களில் பலர், முதலாளியின் படகைக் காக்க அன்றிரவு கடலிலேயே தங்கிய வேலையாட்கள். அவர்களுக்கென்று தனியாக ஒரு மெழுகுவர்த்தி வைத்திருந்தார் அம்மா.

தங்கை மறுபடி கூப்பிட்டார். இங்கே வந்துவிடு என்றால் மாட்டாராம். தார்ப்பாய் வேண்டும், நாலு மீட்டருக்கு ஆறு, கயிறு கோர்க்க ஓட்டை உள்ளதாகப் பார்த்து வாங்கு என்றார். நாளை பஸ்ஸில் போட்டுவிட வேண்டும்.