அழைப்புக் கடிதத்துக்கு முன்பே எழுத வேண்டிய இரண்டு வரிகள்

பன்னாட்டு உறவுகள் துறையில் வருகைதரு ஆய்வாளராக, அதாவது சில காலம் வேறொரு நிறுவனத்தில் தங்கி ஆய்வு செய்பவராக, செல்ல விரும்பும் மாணவர்களின் முன்மொழிவுகளைச் சில ஆண்டுகளாகப் படித்துத் திருத்திக் கொடுத்து வருகிறேன். ஆய்வுக் கேள்வி பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஏன் அந்த ஊர், ஏன் அந்த நிறுவனம் என்ற இடம் வரும்போது, "புகழ்பெற்ற நூலகம், சிறந்த ஆய்வுச் சூழல்" என்று எந்த நிறுவனத்துக்கும் பொருந்தக்கூடிய இரண்டு வரிகளோடு விண்ணப்பம் முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு வரிகளில்தான் விண்ணப்பத்தின் உயிர் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இந்தத் துறை வளர்ந்த விதமே அதற்குச் சான்று. முதல் உலகப் போரில் மாண்ட மாணவர்களின் நினைவாக, 1919இல் வேல்ஸின் அபரிஸ்ட்வித்தில் பன்னாட்டு அரசியலுக்கான முதல் பேராசிரியர் இருக்கை நிறுவப்பட்டது. 1927இல் இத்துறைக்கென்றே ஓர் உயர்கல்வி நிறுவனம் ஜெனீவாவில் தொடங்கப்பட்டபோது, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கமும் (League of Nations) அதே ஊரில்தான் இயங்கிக்கொண்டிருந்தது. ஒப்பந்தங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்களும் அவற்றைச் செயல்படுத்துகிறவர்களும் ஒரே நகரத்தில் வாழ்ந்தார்கள். நாஜி ஆட்சியால் 1933இல் கொலோன் பல்கலைக்கழகப் பதவியை இழந்த சட்ட அறிஞர் ஹான்ஸ் கெல்சனுக்கு இடமளித்ததும் அந்த ஜெனீவா நிறுவனம்தான். ஒரு நிறுவனம் வெளியிலிருந்து வரும் அறிஞருக்குத் தரும் நாற்காலி சில வேளைகளில் அடைக்கலமாகவும் ஆகிவிடுகிறது. 1999இல் தொடங்கப்பட்ட 'ஸ்காலர்ஸ் அட் ரிஸ்க்' வலையமைப்பு இன்றும் அந்தப் பணியைச் செய்துவருகிறது.

பொருளியலாளரான தாமஸ் ஷெல்லிங் 1958-59இல் ஓராண்டை அமெரிக்காவின் பாதுகாப்புக் கொள்கை ஆய்வு நிறுவனமான ராண்டில் கழித்தார். அணுப்போரைப் பற்றி இரவும் பகலும் யோசித்துக்கொண்டிருந்த கணித, அறிவியல் வல்லுநர்களின் நடுவே அமர்ந்து, பேரத்தையும் மிரட்டலையும் பற்றிய தம் சிந்தனையை அவர் கூர்மைப்படுத்திக்கொண்டார். 1960இல் வெளிவந்த அவருடைய நூல் அணுஆயுதப் பதிலடி குறித்த அச்சத்தால் எதிரியைத் தடுத்து நிறுத்தும் உத்தி பற்றிய விவாதத்தின் போக்கையே மாற்றியது. வெளியுறவுக்கான அமெரிக்க மன்றம் 1967இல் தொடங்கிய நல்கை ஆய்வாளர்களை அரசு அலுவலகத்துக்குள் அனுப்புகிறது. அதன் வழியாக 1986இல், பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சரான கண்டலீசா ரைஸ் முப்படைத் தளபதிகளின் அலுவலகத்தில் பணியாற்றினார். இவர்கள் இருவருக்கும் கிடைத்தது, தாம் அதுவரை வெளியிலிருந்து பார்த்த ஒன்றை உள்ளிருந்து பார்க்கும் வாய்ப்பு.

எனக்கு இது புரிய நாளாயிற்று. நான் முதன்முதலில் வருகைதரு ஆய்வாளராகச் சென்ற நிறுவனத்தின் அழைப்புக் கடிதம் ஒரு மேசை, நூலக அட்டை, மின்னஞ்சல் கணக்கு ஆகிய மூன்றை மட்டும் உறுதியளித்தது. உதவித்தொகை கிடையாது. விசா வந்து சேர இரண்டு மாதங்கள் தாமதமானதால், நான் போய்ச் சேர்ந்தபோது பருவம் முடிந்து நடைவழி முழுக்க அறைகள் பூட்டிக் கிடந்தன. யாரைச் சந்திக்க அவ்வளவு தூரம் சென்றேனோ அவர் களப்பணிக்குப் போய்விட்டிருந்தார், அப்படிப் போகப்போவதை எனக்கு முன்கூட்டியே சொல்ல அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் அந்த ஊரில் ஓர் ஆவணக் காப்பகம் இருந்தது. பேனாவை வெளியே வைத்துவிட்டு, பென்சிலோடு மட்டும் உள்ளே போக வேண்டும். மூன்றாவது வாரத்தில் ஒரு தூதரகத் தந்தியின் வரைவு கைக்குக் கிடைத்தது; தட்டச்சு செய்திருந்த "உறுதியளிக்கிறோம்" என்ற சொல்லை யாரோ ஒருவர் பென்சிலால் அடித்துவிட்டு, ஓரத்தில் "கவனத்தில் கொண்டுள்ளோம்" என்று எழுதித் தம் பெயரின் முதலெழுத்துகளை இட்டிருந்தார். அச்சான தொகுப்பில் இறுதி வடிவம் மட்டுமே இருக்கிறது. அதை மட்டும் படித்திருந்தால், அந்த அரசு ஆரம்பத்திலிருந்தே தயங்கியது என்றுதான் எழுதியிருப்பேன். அந்தச் சொல்லை ஏன் மாற்றினார்கள் என்பதற்கான பதில் வெளியுறவுத் துறைக் கோப்பில் இருக்காது, நிதித் துறைக் கோப்பில் தேடுங்கள் என்று சொன்னவர் அங்கே பணியாற்றிய காப்பாளர். அவர் சொன்ன இடத்தில்தான் அது இருந்தது. காப்பாளர் சொன்ன அந்த வாக்கியம் இல்லாமல் என் ஆய்வேட்டின் நான்காம் இயல் இல்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசின் கல்விப் பரிமாற்றத் திட்டமான ஃபுல்பிரைட் 1946இல் போரில் மிஞ்சிய தளவாடங்களை விற்ற பணத்தைக் கொண்டு தொடங்கியது. அறிஞர்கள் நாடு விட்டு நாடு செல்வதைப் பொதுப்பணத்தால் தாங்க வேண்டிய காரியமாக அன்று கருதினார்கள். இன்றோ, பல பல்கலைக்கழகங்கள் வருகைதரு ஆய்வாளரிடமிருந்தே 'பெஞ்ச் ஃபீ' என்ற பெயரில் கட்டணம் கேட்கின்றன. கட்ட முடிந்தவர்கள் போகிறார்கள், முடியாதவர்கள் அச்சான தொகுப்புகளோடு நின்றுவிடுகிறார்கள். இத்துறை ஓர் அமெரிக்கச் சமூக அறிவியலாகவே இருக்கிறது என்று அரசியல் அறிஞர் ஸ்டான்லி ஹாஃப்மன் 1977இல் எழுதினார். யாருடைய பயணத்துக்கு யார் செலவு செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த ஒருநாட்டுச் சாய்வு தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை. உதவித்தொகை இல்லாத அழைப்பை மாணவர்கள் பெருமையாகக் காட்டும்போது, அதை ஏற்பதற்கு முன் முழுச் செலவையும் எழுதிப் பார்க்கச் சொல்கிறேன். புரவலராக இருக்கப்போகும் பேராசிரியர் அந்த மாதங்களில் ஊரில் இருப்பாரா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்கிறேன்.

சென்ற மாதம் ஒரு மாணவி தன் விண்ணப்பத்தை மூன்றாவது முறையாகத் திருத்தி அனுப்பினாள். "சிறந்த ஆய்வுச் சூழல்" போய்விட்டது. எந்தக் கோப்பு வரிசை, எந்த ஆண்டுகள், அவை ஏன் இணையத்தில் இல்லை, ஓய்வுபெற்ற அதிகாரிகளில் யாரை நேர்காண வேண்டும் என்று எழுதியிருந்தாள். கால அளவும் ஓராண்டிலிருந்து பதினொரு வாரமாகச் சுருங்கியிருந்தது. பரிந்துரைக் கடிதத்தை அன்றிரவே எழுதிக் கொடுத்தேன்.