பலாலியில் இருந்து ஒரு மணிநேரம்

அம்மாவுக்கு 68 வயது. தஞ்சைப் பெரிய கோயிலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து சொல்லி வருகிறார். வீட்டில் அம்மா, நான், என் மகள் என்று மூன்று பேர். மூவரில் எவரும் இலங்கையை விட்டு வெளியே போனதில்லை. கனடாவில் இருந்தும் பிரான்சில் இருந்தும் சொந்தக்காரர் வருவார்கள், போவார்கள். கொழும்புப் பக்கத்தில் கட்டுநாயக்கா விமான நிலையம் வரை போய் வழியனுப்பிவிட்டு நாங்கள் யாழ்ப்பாணம் திரும்பிவிடுவோம். கேட்டவர்களிடம் லீவு இல்லை என்றும் காசு இல்லை என்றும் சொல்லி வந்தேன். உண்மையான காரணம் விமானம்.

நான் 1984இல் பிறந்தவள். உரும்பிராயில் எங்கள் வளவில் மாமரத்துக்குப் பக்கத்தில் பங்கர் இருந்தது. மேலே பனங்குற்றி அடுக்கி, அதன்மேல் மண்மூட்டை. தூரத்தில் பொம்மர், அதுதான் குண்டு போடும் விமானம், அதன் சத்தம் கேட்டதும் அம்மா என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு ஓடுவார். உள்ளே இறங்கியதும் "காதைப் பொத்து, வாயைத் திற" என்பார். குண்டு விழும்போது வாய் மூடியிருந்தால் செவிப்பறை கிழிந்துவிடும் என்று அந்தக் காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தந்திருந்தார்கள். 1995 ஒக்டோபர் 30, எங்கள் வலிகாமப் பகுதியே போருக்குத் தப்பி மழையில் நாவற்குழிப் பக்கமாக நடந்த இரவில், எனக்கு 11 வயது. பிறகு 1998 செப்டம்பர் 29 அன்று யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இருந்து கொழும்புப் பக்கத்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் போய்விட்டார்கள். தரைப்பாதை மூடியிருந்த காலம் அது. பிள்ளையைப் பார்க்க, வைத்தியம் பார்க்க என்று போனவர்கள்.

இன்றைக்கும் வீட்டுக்கு மேலே விமானம் தாழ்ந்து போனால் என் கை தானாகக் காதுக்குப் போகிறது. பனை உயரத்தில் நின்றாலும் எனக்குத் தலை சுற்றாது. அந்த இரைச்சல்தான். என் வயதுக்காரர் பலருக்கும் இது இருக்கிறது. கதைப்பதில்லை, அவ்வளவுதான்.

போன வருடம் மகளுக்கு 11 வயதானது. "அம்மம்மாவைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போவமா?" என்று கேட்டாள். அன்று இரவுதான் முதன்முதலாக நாட்டுப்படத்தை விரித்து வைத்துப் பார்த்தேன். கொழும்பு எங்களுக்குத் தரைப்பாதையில் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். திருச்சி நேர்கோட்டில் 200 கூட இல்லை. 2025 மார்ச்சில் இருந்து பலாலிக்கும் திருச்சிக்கும் இடையே நேரடி விமானம் பறக்கிறது. பயண நேரம் ஒரு மணி.

கப்பலையும் யோசித்தேன். 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. ஏறத்தாழ நான்கு மணிநேரப் பயணம். நாகையில் இருந்து தஞ்சாவூர் பக்கம்தான். கடல் ஒத்துக்கொள்கிறவர்களுக்கு நல்ல வழி, தயங்காமல் போகலாம். அம்மாவுக்கு நயினாதீவுப் படகிலேயே வாந்தி வரும். என் பக்கமும் ஒரு காரணம் இருந்தது. இந்த முறை கப்பலில் போனால் நான் இனி ஒருநாளும் விமானத்தில் ஏற மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

கடவுச்சீட்டு, விசா வேலைகள் எவரும் சொல்லித்தரக்கூடியவை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களைக் கூட்டிப் போவதென்றால் பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அம்மாவுக்கு ஒரு எழுத்து மாறியிருந்து அதைச் சரிப்படுத்தவே மூன்று கிழமை போனது.

மாதம் தெரிவு செய்வதில் அவசரப்படவில்லை. ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், மழையும் மின்னலுமாக இருக்கும். மாசியில் வானம் வெளித்துவிடும். அப்புறம், விமானம் குலுங்குவதைப் பற்றி அத்தானிடம் கேட்டேன். அவர் வல்வெட்டித்துறைக்காரர், தைப்பொங்கலுக்குப் பெட்டிப் பட்டம் கட்டுகிறவர். "பட்டம் ஆடுறது விழுறதுக்கில்லை பிள்ளை. காத்து அதைத் தாங்குது, அதுதான் ஆடுது" என்றார். பிறகு நானும் வாசித்துப் பார்த்தேன். வெயிலில் தரை சூடாகி, அந்தச் சூட்டுக் காற்று மேலே கிளம்பும்போது விமானம் குலுங்குகிறது. கடலுக்கு மேல் அது குறைவு, கரைக்குள் நுழையும்போது கூடும். செட்டை வளைந்து கொடுக்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது.

என் பயம் சத்தத்தில் இருந்ததால் சத்தத்தைப் படித்தேன். எனக்கு அதிகம் உதவியது இதுதான். நாங்கள் போகவிருந்தது ஏடிஆர் 72, இரண்டு பக்கமும் விசிறி சுழலும் சிறிய விமானம். அந்த விமானம் கிளம்பி இறங்கும் காணொளிகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, என்னென்ன சத்தம் எந்த ஒழுங்கில் வரும் என்று மகளின் பழைய கொப்பியில் எழுதினேன். ஓடுபாதையில் விசிறிகளின் முழு இரைச்சல். தரையை விட்டதும் வயிற்றுக்கடியில் ஒரு 'கடக்', அது சக்கரம் மடிவது. கொஞ்ச நேரத்தில் இரைச்சல் தணியும். இந்த இடத்தில்தான் எனக்கு உயிர் போகும் என்று தெரிந்தது, ஏனென்றால் பொம்மரின் சத்தம் திடீரென்று மாறினால் அடுத்து என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும். விமானத்தில் அது ஏறுவதற்கு இனி அவ்வளவு பலம் தேவையில்லை என்று விமானி குறைப்பது. அதைக் கொப்பியில் சிவப்பு மையால் எழுதினேன். இருக்கையும் பின்பக்கம் எடுத்தேன். பின்னால் ஆட்டம் சற்றுக் கூட, ஆனால் விசிறியில் இருந்து தூரம்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பலாலிக்குப் பக்கத்துக் கட்டுவனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மகளோடு போய் முற்றத்தில் நின்று விமானம் வருவதைப் பார்த்தேன். முதல் நாள் காதைப் பொத்தினேன். இரண்டாவது கிழமை மகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஐந்தாவது கிழமை கையைக் கீழே விட்டபடி நின்றேன். அழுகை வந்தது, ஆனால் நின்றேன்.

பலாலி எனக்கு எப்போதும் ஆமிக் காம்பின் பெயராகவே இருந்தது. 1947 டிசம்பரில் அந்தக் காலத்து இலங்கை விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் பறப்பே இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை, அதாவது இந்தப் பலாலி, வழியாக மெட்ராசுக்குப் போனது என்று அறிந்தபோது என் அப்பப்பாவை நினைத்துக்கொண்டேன். அவருக்கு இந்த வானம் என்ன வானமாக இருந்திருக்கும்!

மாசி மாதத்து வெயிலில் ஓடுபாதைத் தரையில் நடந்துபோய்ப் பின்கதவால் ஏறினோம். அம்மா யன்னல் பக்கம், நான் நடுவில் போகும் வழிப் பக்கம், மகள் எதிர்ப்பக்கம். கொப்பி என் மடியில். முழு இரைச்சல் வந்தது. 'கடக்' வந்தது. சிவப்பு வரி வரும் என்று மூச்சை நீளமாக வெளியே விட்டுக்கொண்டு காத்திருந்தேன். இரைச்சல் தணிந்தது. விமானம் மேலேயே ஏறிக்கொண்டிருந்தது. அம்மா என் தோளைத் தட்டி யன்னலைக் காட்டினார். செம்மண், வெங்காயத் தறைகள், பனங்கூடல், பிறகு கரையோரம் வெள்ளை நுரைக்கோடு. நாங்கள் ஓடி ஒளிந்த இடமெல்லாம் ஒரு பாய் அளவில் கீழே கிடந்தது. அந்தப் பக்கத்தில் இருந்து அதை நான் பார்த்ததே இல்லை.

கடல் அமைதியாகக் கழிந்தது. தமிழ்நாட்டுக் கரை தெரிந்ததும் வாசித்தது போலவே குலுக்கல் தொடங்கியது, நான் இருக்கையை இறுக்கிப் பிடித்தேன். இறங்கத் தொடங்கியபோது காது அடைத்து வலித்தது. அது மட்டும் என் கொப்பியில் இல்லை. கை மேலே எழுந்தது.

அம்மா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"வாயைத் திற, பிள்ளை" என்றார். "காது திறக்கும்."