பசிபிக் போரின் திருப்புமுனை: மிட்வேயோடு நிறுத்திவிடாதீர்கள்

இரண்டாம் உலகப் போர் என்றால் நம்மில் பலர் ஸ்டாலின்கிராட்டையும் நார்மண்டியையும் கரைத்துக் குடித்துவிட்டு, பசிபிக் பக்கம் வரும்போது பேர்ல் ஹார்பர், மிட்வே, ஹிரோஷிமா என்று மூன்று பெயரோடு நிறுத்திக்கொள்வோம். வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்துப் படித்தபோது நான் தாராளமாக நேரம் கொடுத்தது இந்தப் பகுதிக்குத்தான். பசிபிக் போரில் திருப்புமுனை எது, விவாதிக்க என்கிற மாதிரிக் கேள்விக்கு தேர்வு ஹால் முழுக்க மிட்வே என்ற ஒரே பதில்தான் போகும், அதனால் கொஞ்சம் மாற்றி எழுதினாலே நம் தாள் தனியாகத் தெரியும்.

நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். ஒவ்வொரு சண்டையின் பெயருக்குக் கீழேயும் "நேற்று வரை ஜப்பானால் முடிந்த எது இதற்கப்புறம் முடியாமல் போனது?" என்று எழுதிவிட்டு, பதில் கிடைக்கும்வரை படிப்பேன். மூழ்கிய கப்பல்களின் பட்டியலை உருப்போட்டால் இந்தப் பதில் கிடைக்காது.

1942 ஜூனில் நடந்த மிட்வே தீவுச் சண்டையை அதற்கு முந்தைய மாதத்துப் பவளக்கடல் சண்டையோடு சேர்த்துப் படியுங்கள். 1942 மே மாதம் பவளக்கடலில் அமெரிக்கா லெக்ஸிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பலை இழந்தது, இன்னொரு விமானந்தாங்கியான யார்க்டவுனும் அடிவாங்கியது. கணக்குப் பார்த்தால் ஜப்பானுக்கு வெற்றி மாதிரி இருக்கும். ஆனால் நியூ கினித் தீவிலுள்ள போர்ட் மோர்ஸ்பி மீதான படையெடுப்பு திரும்பிப் போனது, ஜப்பானிய விமானந்தாங்கிகளில் ஷோகாகு பழுதாகி, ஜுயிகாகு விமானிகளை இழந்து, இரண்டுமே ஜூனில் மிட்வேக்கு வரமுடியவில்லை. யார்க்டவுனையோ பேர்ல் ஹார்பரில் மூன்றே நாளில் ஒட்டுப்போட்டு அனுப்பிவிட்டார்கள். ஜூன் 4 காலை பத்தரை மணிக்குள், சில நிமிட இடைவெளியில், ஜப்பானிய விமானந்தாங்கிகளான அகாகி, காகா, சோர்யு மூன்றும் அமெரிக்க டைவ் பாம்பர்களின் குண்டுகளில் பற்றி எரிந்தன, மாலையில் ஹிர்யுவும் மாட்டியது. (காகா தவிர்த்த மற்ற மூன்றும் அதே ஆண்டு ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய அணியில் இருந்தவை. நம் பக்கத்துக் கடலில் நடந்ததையே நம் குறிப்புகளில் விட்டுவிடுகிறோம்!)

சரி, அளவுகோலை வைத்துப் பார்ப்போம். நினைத்த இடத்தில் போய் அடிக்கிற வலிமை மிட்வேயோடு போனது. ஆனால் அந்த நான்கு கப்பல்களின் விமானிகளில் பெரும்பாலோர் உயிரோடு திரும்பினார்கள். மிட்வே ஜப்பானை நிறுத்தியது, பின்னால் தள்ளியது வேறு இடம் என்று எழுதுகிற துணிச்சல் எனக்கு இந்த ஒரு விவரத்தில்தான் வந்தது.

அந்த வேறு இடம் குவாடல்கனால். அட்லஸில் சாலமன் தீவுகள் பக்கத்தைத் திறந்து, ஜப்பானின் பெரிய தளமான ரபவுலிலிருந்து குவாடல்கனாலுக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 1,000 கி.மீ. ரபவுலிலிருந்து கிளம்பும் ஜப்பானின் ஜீரோ போர்விமானம் அவ்வளவு தூரம் பறந்துவந்து, கொஞ்ச நேரம் சண்டை போட்டு, மறுபடி அவ்வளவு தூரம் திரும்ப வேண்டும். வழியில் எஞ்சின் நின்றால் விமானி அவ்வளவுதான். அமெரிக்க விமானியோ அடிபட்டாலும் குவாடல்கனாலிலேயே இருந்த ஹெண்டர்சன் விமானத் தளத்துக்குப் பக்கத்திலேயே விழுவான், பலமுறை பிழைத்தும் வருவான். 1942 ஆகஸ்ட் 7-இல் இறங்கி மறுநாளே அமெரிக்கர்கள் பிடித்த அந்த ஓடுதளம், ஜப்பானியர்களே பெரும்பகுதி கட்டிவைத்தது!

குவாடல்கனாலுக்குப் பக்கத்திலுள்ள சாவோ தீவுச் சண்டையில் ஒரே இரவுத் தாக்குதலால் நேச நாடுகளின் நான்கு கனரக க்ரூசர்கள் மூழ்கின, அக்டோபரில் அமெரிக்க விமானந்தாங்கி ஹார்னெட்டும் போனது. கடலில் ஜப்பான் தோற்றுக்கொண்டே இருந்ததாக எழுதாதீர்கள், அது தப்பு. பகலில் கடல் ஹெண்டர்சன் விமானங்களுக்கு, இரவில் ஜப்பானிய நாசகாரிக் கப்பல்களுக்கு என்று மாதக்கணக்கில் இழுத்தது. இரவில் வந்து விடிவதற்குள் ஓட வேண்டிய கப்பலில் கனரக பீரங்கியும் போதுமான அரிசியும் எப்படி ஏறும்? கடைசியில் அரிசியை டிரம்களில் அடைத்துக் கயிற்றால் கோத்துக் கடலில் தள்ளிவிட்டார்கள், அதில் பல கரை சேரவேயில்லை. 1943 பிப்ரவரியில் 10,000-க்கும் மேற்பட்டவர்களை ஜப்பான் மீட்டுப்போனபோது, சுமார் 20,000 பேரை அந்தத் தீவில் இழந்திருந்தது. குண்டுபட்டுச் செத்தவர்கள் போக, பசியிலும் மலேரியாவிலும் போனவர்கள் ஆயிரக்கணக்கில். பயிற்சி பெற்ற விமானிகளின் இழப்பு இதற்கு மேல்.

அப்புறம் மரியானா தீவுகளில் ஒன்றான சைபான், 1944. ஜூனில் பிலிப்பைன் கடல் சண்டையில் கப்பல்களிலிருந்து கிளம்பிய ஜப்பானிய விமானங்கள் நூற்றுக்கணக்கில் விழுந்தன, ஓட்டியவர்களில் பெரும்பாலோர் அரைகுறைப் பயிற்சியோடு வந்த புதியவர்கள். குவாடல்கனால் பத்தியில் விமானிகளைப் பற்றி எழுதியிருந்தால் இங்கே ஒரே வரியில் இணைத்துவிடலாம். ஜூலையில் சைபான் விழுந்ததும் ஜப்பான் பிரதமர் டோஜோ பதவி விலகினார். மரியானா தீவுகளிலிருந்து டோக்கியோ, அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானம் போய்த் திரும்புகிற தூரம், நவம்பரில் அங்கிருந்து குண்டுவீச்சும் தொடங்கியது.

விடைத்தாளில் ரபவுல், குவாடல்கனால், சைபான், டோக்கியோ நான்கையும் புள்ளிவைத்து ஒரு சின்ன வரைபடம் போட்டுவிடுங்கள், அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அமெரிக்க உற்பத்தி பற்றி இரண்டு வரி போதும், புதிய வகை விமானந்தாங்கிகளில் முதலாவதான எசெக்ஸ் கப்பல் 1942-இன் கடைசி நாளில்தான் சேவைக்கு வந்தது, அதற்குள் குவாடல்கனால் சண்டையின் பெரும்பகுதி முடிந்திருந்தது என்றால் மீதி புரிந்துவிடும். ஐவோ ஜிமாவையும் ஒகினாவாவையும் இந்தக் கேள்விக்குள் இழுக்காதீர்கள், அவை அணுகுண்டு முடிவைப் பற்றிய கேள்விக்கு உதவும்.