ஸ்பிரிங்கில் இடம் என்று கடிதம் வந்தால்

மார்ச் கடைசியில் அமெரிக்கக் கல்லூரிகளின் முடிவுகள் வரும்போது சிலருக்கு மட்டும் வேறு மாதிரிக் கடிதம் வரும்: இடம் உண்டு, ஆனால் ஆகஸ்டில் தொடங்கும் ஃபால் செமஸ்டரில் அல்ல, ஜனவரியில் தொடங்கும் ஸ்பிரிங் செமஸ்டரில். இது வெயிட்லிஸ்ட் (காத்திருப்போர் பட்டியல்) இல்லை, உறுதியான இடம். பட்டத்தில் எந்த மாதம் சேர்ந்தீர்கள் என்று போடப்போவதும் இல்லை. ஆகவே தகுதி குறைந்துவிட்டது என்று மனம் நோக வேண்டாம்.

கல்லூரிக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. டிசம்பரில் சிலர் படிப்பை முடிக்கிறார்கள், சிலர் ஒரு செமஸ்டர் வெளிநாடு போகிறார்கள், சிலர் விலகுகிறார்கள். காலியாகும் விடுதி அறைகளையும் வகுப்பு இடங்களையும் நிரப்பத்தான் ஸ்பிரிங் சேர்க்கை. அந்தக் கணக்கு உங்களுக்கும் ஒத்துவருகிறதா என்பதை ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் தீர்மானிக்கும்.

அந்த மாதங்களைக் கல்லூரிகள் ஒரே மாதிரி கையாள்வதில்லை. வெர்மான்ட்டில் உள்ள மிடில்பரி ஆண்டுதோறும் சுமார் 100 பேரைப் பிப்ரவரியில் சேர்க்கிறது. அவர்களுக்குத் தனி அறிமுக நிகழ்ச்சி, பிப்ரவரியிலேயே தனிப் பட்டமளிப்பு. கூட்டமாகச் சேர்வதால் தனித்து நிற்கும் உணர்வு குறைவு. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஃப்ரெஷ்மென் கனெக்‌ஷன் திட்டத்தில் ஃபாலிலேயே வளாகத்தில் பிற்பகல் வகுப்புகளுக்குப் போகலாம். நார்த்ஈஸ்டர்னின் என்.யூ.இன் திட்டம் முதல் செமஸ்டருக்கு வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. இப்படி ஏற்பாடு எதுவும் இல்லாமல் 'ஜனவரியில் வாருங்கள்' என்று மட்டும் சொல்லும் கல்லூரிகளும் உண்டு. அங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டும்.

முதலில் பாடங்களின் வரிசையைப் பாருங்கள். துறையின் நான்காண்டுப் பாடத்திட்டத்தை எடுத்து, கடைசி செமஸ்டரிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பொறியியலில் கால்குலஸ் 1 முடித்தால்தான் கால்குலஸ் 2. இயற்பியலும் அதோடு பிணைந்தது. அவை முடிந்தால்தான் துறைப்பாடம். இந்தச் சங்கிலியில் ஒரு பாடம் ஃபாலில் மட்டும் நடந்தால், ஜனவரியில் சேர்பவருக்கு ஒரு செமஸ்டர் தாமதம் ஒரு வருஷத் தாமதமாகிவிடும். வரலாறு, பொருளாதாரம், இலக்கியம் எடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்தையும் முடித்தால் சேரும் அலகு). விடுபடுவது சுமார் 15. பள்ளியில் படிக்கும்போதே எழுதும் கல்லூரித் தரத் தேர்வுகளான ஏ.பி. தேர்வுகளில் ஏற்கெனவே கிரெடிட் கிடைத்திருந்தால், கோடையில் இரண்டு பாடம் சேர்த்து ஈடுகட்டிவிடலாம். இல்லாவிட்டால் எட்டு செமஸ்டர் டிசம்பரில் முடியும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

'ஃபாலில் கம்யூனிட்டி காலேஜில் (கட்டணம் குறைந்த உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) படித்துவிடலாமே' என்பது நல்ல யோசனைதான். ஆனால் இடறி விழுவதும் இங்கேதான். வேறு கல்லூரியில் பட்டப்படிப்பு மாணவராக முழுநேரம் சேர்ந்தால், சில கல்லூரிகள் உங்களை டிரான்ஸ்ஃபர் மாணவராக, அதாவது வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவராகக் கருதும். முதலாண்டு மாணவருக்கான உதவித்தொகை போய்விடலாம். எத்தனை கிரெடிட் வரை எடுக்கலாம், எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு ஈடாகும், குறைந்தபட்ச கிரேடு என்ன என்பதை ஃபீஸ் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் வாங்கிவையுங்கள். தொலைபேசியில் சொன்னதை ஜனவரியில் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

பணத்தில் கவனிக்க வேண்டியவை: பட்டப்படிப்பில் சேராமல் படிக்கும் ஃபால் வகுப்புகளுக்கு அமெரிக்க மத்திய அரசின் நிதியுதவி கிடையாது. மெரிட் உதவித்தொகை எட்டு செமஸ்டருக்கா, நான்கு கல்வியாண்டுக்கா என்று கேளுங்கள். கல்வியாண்டுக் கணக்கென்றால் ஒரு செமஸ்டர் தொகை நஷ்டம். அமெரிக்காவில் வரி கட்டும் பெற்றோருக்கு இன்னொன்று: அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி வரிச்சலுகை ஆண்டுக்கு 2,500 டாலர் வரை, நான்கு வரியாண்டுகளுக்கு மட்டும். ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிக்கும் படிப்பு சரியாக நான்கு காலண்டர் ஆண்டுகளில் அடங்கும். முதல் ஃபீஸை முந்தைய டிசம்பரிலேயே கட்டினால் அதை அந்த ஆண்டுக் கணக்கில்தான் காட்ட முடியும். ஒரே செமஸ்டருக்காக நான்கில் ஒன்று செலவாகிவிடும். கெடு இடம்கொடுத்தால் ஜனவரியில் கட்டுங்கள். தம்பதியாகச் சேர்ந்து வரி தாக்கல் செய்பவர்களின் வருமானம் 1,80,000 டாலரைத் தொட்டுவிட்டால் இந்தச் சலுகையே இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு நிலைமை வேறு. விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் அமெரிக்காவுக்குள் போக முடியாது. அதனால் கல்லூரி அந்த ஃபாலுக்கும் சேர்த்து ஐ-20 தந்தாலொழிய, அங்கே போய்ப் படிக்கும் பேச்சே இல்லை. படிக்கும்போதே துறை சார்ந்த வேலைப்பயிற்சி பெறத் தரும் சி.பி.டி. அனுமதிக்கு ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். ஜனவரியில் சேர்ந்தவருக்கு முதல் கோடையில் அந்த வழி திறக்காது. 'டிசம்பர் வரை இங்கே ஒரு கல்லூரியில் சேர்ந்து வைப்போம்' என்று டி.சி.யையும் மதிப்பெண் சான்றிதழையும் கொடுத்துவிட்டு, பிறகு அவற்றைத் திரும்ப வாங்க அலைவது மிகவும் வேதனையானது. அந்த மாதங்களில் கால்குலஸையும் கணினி நிரலையும் வீட்டிலிருந்தே ஊன்றிப் படிப்பது நல்லது.

எந்தத் துறை என்று முடிவாகாதவருக்கும், ஏ.பி. கிரெடிட் கையில் இருப்பவருக்கும், கூட்டமாகச் சேர்க்கும் கல்லூரியில் இடம் கிடைத்தவருக்கும் ஸ்பிரிங் நல்ல வாய்ப்பு. பொறியியல், மருத்துவத்துக்கு முந்தைய படிப்பு, நர்சிங் எடுப்பவருக்கு ஃபாலிலேயே இடம் தந்த இன்னொரு நல்ல கல்லூரி இருந்தால், பெயர் கொஞ்சம் குறைவானாலும் அதுவே மேல்.

டெபாசிட்டுக்குப் பெரும்பாலும் மே 1 கெடு. ஃபாலுக்கு ஒன்று, ஸ்பிரிங்குக்கு ஒன்று என இரண்டு கல்லூரியிலும் கட்டிவைக்காதீர்கள். தெரிந்தால் இரண்டு இடமும் பறிபோகலாம். ஜனவரியில் விடுதி உறுதியா, பாடப் பதிவில் முறை எப்போது வரும், ஃபாலில் இடம் காலியானால் முன்னதாகச் சேர்ப்பார்களா என்ற கேள்விகளையும் சேர்த்து ஒரே மின்னஞ்சலாக ஏப்ரல் 15க்குள் அனுப்பிவிடுங்கள். பதில் வந்தபின் வீட்டில் உட்கார்ந்து பேச ஒரு வாரமாவது மிஞ்சும்.