முதல்நாள் உறை கொழும்போடு திரும்பி வந்தது: வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்துக்குப் போக வேண்டிய முதல்நாள் உறைக் கட்டு (புதிய முத்திரையை வெளியான அன்றே ஒட்டி, அன்றைய திகதி முத்திரை குத்திய உறைகள்) கொழும்பைத் தாண்டாமல் திரும்பிவிட்டது. கட்டியதில் குறையில்லை. சுங்கப் படிவத்திலும் "முத்திரை ஒட்டிய முதல்நாள் உறைகள், 1985, 24" என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருந்தது. தபாலகக் கவுண்டரில் இருந்தவர் அதைக் கணினியில் ஏற்றும்போது "பழைய பொருட்கள்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். திரும்பி வந்த பிறகு போய்க் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்கிறார்.

ஒன்றில்லை. இப்போது பொதிக்கு முன்னால் அதன் விவரம் மின்னணு வழியில் ஓடுகிறது. இங்கும் சரி, போய்ச் சேரும் நாட்டிலும் சரி, சுங்கம் முதலில் படிப்பது அந்தக் கணினி வரியைத்தான். ஒட்டியிருக்கும் தாள் அதற்குப் பிறகு. "பழைய" என்று கண்டால் தொல்பொருளா என்ற கேள்வி வரும். 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டத்தின்படி, அந்த வகைக்குள் வரும் பொருளைத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. 50 ஆண்டு தாண்டிய எதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். நிறுத்தி வைத்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் கண்ணில் பட்டது அந்த வரி மட்டும்தான்.

இப்போது செய்வது இதுதான். படிவத்தில் பொருளின் பெயர், ஆண்டு, எண்ணிக்கை, ஆறிலக்க எச்.எஸ். குறியீடு (எல்லா நாட்டுச் சுங்கமும் பொருளை வகைப்படுத்தும் எண்). முதல்நாள் உறைக்கும் பாவித்த முத்திரைக்கும் 9704.00. நாணயச் சேகரிப்புகள் 9705க்குள் வரும். நூறாண்டு தாண்டிய பழம்பொருட்களுக்கு 9706 என்று தனித் தலைப்பு இருக்கிறது, அந்த எண்ணைத் தெரியாமல்கூடப் போட்டுவிடாதீர்கள். பற்றுச்சீட்டு அச்சாகும் முன்பு, "மிஸ், ஏத்தினத ஒருக்கா காட்டுங்க, வெளிநாட்டுல பிரச்சின வருது" என்று கேட்டுத் திரையை வாசியுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அடுத்த முறை அதே கவுண்டரில் அதே ஆள் குறியீட்டோடு முழு வரியையும் ஏற்றித் தந்தார், அந்தக் கட்டு தடையில்லாமல் போய்ச் சேர்ந்தது.

தோட்டப் பக்கத்து உப தபாலகத்தில் இதை முயல வேண்டாம். டவுனில் உள்ள பிரதான தபாலகத்துக்குக் காலையிலேயே போங்கள். கொழும்புக்கான பை கட்டிய பிறகு கொடுத்தால் உங்கள் பொதி அங்கேயே இரவு தங்கும், நம் மலைநாட்டுக் குளிரிலும் ஈரத்திலும்.

பித்தளைத் தோட்ட டோக்கன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோப்பிக் காலத்தில் கூலிக் கணக்குக்காக அடித்தவை. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்ததோடு அந்தக் காலமும் முடிந்தது. வெளிநாட்டில் இதற்கு நல்ல விலை இருக்கிறது, அதனால்தான் ஆசை வருகிறது. வயதைப் பார்த்தாலே தெரியும், அனுமதி இல்லாமல் கவுண்டருக்குக் கொண்டுபோகிற சாமான் இல்லை அது. கொழும்பு 7இல் உள்ள தொல்பொருள் திணைக்களத்துக்கு இரண்டு பக்கமும் அளவுகோலோடு எடுத்த படங்கள், நிறை, விட்டம், எப்படிக் கைக்கு வந்தது என்ற விவரம் எல்லாம் கொண்டு போங்கள். அனுமதி கையில் வந்த பிறகு விற்பனைக்குப் போடுங்கள். விற்றுவிட்டு அனுமதி தேடினால் வாங்குபவர் காத்திருக்க மாட்டார், ஈபே விற்பனைத் தளமும் காத்திருக்காது. "பித்தளை பட்டன்" என்று எழுதி அனுப்பச் சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பிடிபட்டால் பொருளும் போகும், வழக்கும் வரும்.

1998இல் வந்த 200 ரூபா பொலிமர் நோட்டுக்கும் ஆள் இருக்கிறது. ஆனால் பணத்தாளையும் நாணயத்தையும் சாதாரணத் தபாலில் போடுவதை உலகத் தபால் ஒன்றியத்தின் விதியே தடுக்கிறது. பதிவுத் தபாலிலோ காப்புறுதியோடோ அனுப்பலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். கேட்டுவிட்டு விற்பனைக்குப் போடுங்கள்.

இனிக் கட்டும் முறை. வெளிநாட்டுப் பொதியைத் திறந்து பார்ப்பார்கள் என்று வைத்தே கட்டுங்கள். உறையைப் பொலியெஸ்டர் கவரில் போடுங்கள். பீ.வீ.சி. வேண்டவே வேண்டாம், நாளாவட்டத்தில் முத்திரையைக் கெடுத்துவிடும். இரண்டு நெளிமட்டைத் துண்டுகளை உறையைவிடச் சுற்றிவர ஒரு சென்ரிமீற்றர் பெரிதாக வெட்டி, ஒன்றின் நெளிகோடு குறுக்காகவும் மற்றதன் கோடு நெடுக்காகவும் வரும்படி வையுங்கள். ஒரே திசையில் வைத்தால் அந்தக் கோட்டோடு மடிந்துவிடும். மட்டைகளை ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, புத்தகம் போலத் திறக்கிற மாதிரி விடுங்கள். அப்போது பார்க்கிறவர் கத்தியைத் தேடமாட்டார். அதைச் சின்ன சிலிக்கா ஜெல் பையோடு ஸிப் பைக்குள் வைத்து, விலைப்பட்டியல் பிரதியை மேலே வையுங்கள். வெளி உறையைக் கவுண்டரில் காட்டிய பிறகு ஒட்டலாம், ரேப்பைக் கையோடு கொண்டு போங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் மழை பெய்யும்போது வீட்டுக்குள் இருக்கிற காற்றே எதிரி. பின்பக்கம் பசையுள்ள பாவிக்காத முத்திரை கவரோடு ஒட்டிக்கொள்ளும், உறையில் கபிலப் புள்ளி விழும். மழை நாளில் கட்டினால் அந்த ஈரத்தையும் சேர்த்து அடைத்து அனுப்புகிறீர்கள். வெயில் வந்த நாளில் கட்டி வையுங்கள். இங்க்ஜெட்டில் அச்சடித்த முகவரிக்கு மேல் தெளிவான ரேப் போடாவிட்டால் மையெல்லாம் கரைந்துவிடும்.

மதிப்பைக் குறைத்துப் போடச் சொல்லி வாங்குபவர் கெஞ்சுவார். மறுத்துவிடுங்கள். தொலைந்தால் அறிவித்த மதிப்புக்கு மேல் ஒரு சதம் கிடைக்காது. பதிவுத் தபாலின் நட்டஈடோ விலையுள்ள பொருளுக்குப் போதவே போதாது. மதிப்பு 300 எஸ்.டீ.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை, அதாவது ஏறக்குறைய 400 டொலர் வரை சீ.என். 22 சுங்கப் படிவம், அதற்கு மேல் சீ.என். 23. ஈபேயில் 750 டொலரும் அதற்கு மேலும் என்றால் பெறுபவரின் கையொப்பம் இல்லாமல் விற்பவருக்குப் பாதுகாப்பு இல்லை.

பிரித்தானியாவுக்கு 135 பவுண் வரை வரியை ஈபே போன்ற விற்பனைத் தளமே அறவிடும். அதற்கு மேல் போனால் எல்லையில் கட்டவேண்டும். 9704 என்று சரியாகப் போட்டிருந்தால் சேகரிப்புப் பொருளுக்கான 5 வீதம், இல்லாவிட்டால் 20 வீதம் விழலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 150 யூரோ வரை தளம் தரும் ஐ.ஓ.எஸ்.எஸ். இலக்கத்தை (வரி தளத்திலேயே அறவிடப்பட்டதைக் காட்டும் எண்) கணினியில் ஏற்றச் சொல்லுங்கள். அமெரிக்கா இப்போது தனிக் கதை: 800 டொலர் வரையிலான வரிவிலக்கு 2025 ஓகஸ்ட் 29ஓடு போய்விட்டது. எந்தச் சேவையில் எடுக்கிறார்கள், வரியை யார் முன்கூட்டிக் கட்டுவது என்று தபாலகத்தில் கேட்டு அறியும்வரை அந்த நாட்டை விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்கி வைப்பதே நல்லது.

பணம் பேயோனியர் என்ற இணையப் பணச்சேவை வழியாக வரும், அதில் தலைவலி இல்லை.

பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வையுங்கள், அந்தத் தாள் சில மாதத்தில் வெளிறிவிடும். பொதி காணாமல் போனால் விசாரணையை அனுப்பியவர்தான், அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொடங்க வேண்டும். கவுண்டரில் "இன்னும் ஒரு கிழம பாருங்க" என்று தள்ளிக்கொண்டே போவார்கள். ஐந்தாம் மாதம் வரை பொறுக்காமல் விசாரணைப் படிவத்தைக் கேட்டு வாங்கி, திகதி முத்திரை குத்திய பிரதியோடு வெளியே வாருங்கள்.