கத்தரிப்பூ நிறம்

ஜனவரி 9, 2024, செவ்வாய்

ஹூஸ்டனில் நேற்று கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் தேசிய இறுதிப் போட்டி. மிச்சிகன் 34, நாங்கள் 13. சியாட்டில் நேரத்துக்கு ராத்திரிச் சாப்பாட்டு வேளையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குத் தூக்கம் வந்தபோது மணி இரண்டு.

நான் 'நாங்கள்' என்று சொல்லும்போதெல்லாம் வீட்டில் இவருக்குச் சிரிப்பு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் எம்.எஸ். படித்தேன், அவ்வளவுதான் உறவு. அந்த முட்டை வடிவப் பந்தைக் கையால் தொட்டதுகூட இல்லை. ஆனால் அலமாரியில் எங்கள் ஹஸ்கி அணியின் கத்தரிப்பூ நிறச் சட்டை நாலு இருக்கிறது. ஹஸ்கி ஸ்டேடியத்தின் மேல் வரிசையில் இரண்டு சீசன் டிக்கெட்டும் இருக்கிறது. இவருக்குக் கிரிக்கெட் போதும். பாப்கார்னுக்காக என்னோடு வருவார்.

கண்ணை மூடினால் ஒரே காட்சிதான். நாலாவது டவுன். அதாவது பத்து கஜம் முன்னேறக் கடைசி வாய்ப்பு. பந்தைப் பிடிக்க ஓடும் ரோம் ஒடுன்சே பக்கத்தில் ஆளே இல்லை. பந்து வீசும் எங்கள் குவார்ட்டர்பேக் பெனிக்ஸ் இடது கையால் வீசுகிறார். வருஷம் முழுக்கத் தூக்கத்தில்கூடச் சரியாகப் போட்ட பந்து, நேற்று கைக்கு வந்து சேரவில்லை.

பரவாயில்லை. 14 ஆட்டம் வரிசையாக ஜெயித்து, 1991க்குப் பிறகு பட்டத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தோமே. கோச் கேலன் டிபோர் வருவதற்கு முந்தைய சீசனில் நாலு வெற்றி, எட்டுத் தோல்வி. அவர் வந்த இரண்டு வருஷத்தில் 25 வெற்றி, மூன்றே தோல்வி. கோச் இருக்கிறார், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி 10, புதன்

காலையில் சியாட்டிலின் தொழில்முறை அணியான சீஹாக்ஸ், பீட் கேரலைத் தலைமைக் கோச் பதவியிலிருந்து விடுவித்தது. ஆபீஸில் அதைப் பற்றியே பேச்சு. மத்தியானம் அதையும் மறக்கடிக்கிற செய்தி: அலபாமா பல்கலைக்கழகத்தின் கோச் நிக் சேபன் ஓய்வு. 17 சீசன், அங்கே மட்டும் ஆறு தேசியப் பட்டம். உயிரோடு இருக்கும்போதே ஸ்டேடியத்து வாசலில் சிலை வைத்துவிட்டார்கள்.

எங்கள் டீமில் ஒருத்தி அரிசோனா பல்கலைக்கழகத்தில் படித்தவள், டூசான்காரி. என்னைப் போலவே பைத்தியம். "அலபாமா யாரைத் தூக்கும்?" என்று கேட்டாள். பெயர்களை அடுக்கினோம். டிபோர் பெயரை நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்தாள்.

ஜனவரி 12, வெள்ளி

போய்விட்டார்.

இறுதிப் போட்டி முடிந்து நாலே நாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே குளிர், தோட்டத்துக் குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. குழாயைச் சுற்றப் பழைய துணி தேடிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி: டிபோர் அலபாமாவுக்கு. கையில் கிடைத்தது 2022 சட்டை. ஒரு நிமிஷம் யோசித்தேன். சுற்றவில்லை. வேறு துணி எடுத்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பழைய கோச் டான் ஜேம்ஸ் காலத்திலிருந்து டிக்கெட் வைத்திருப்பவர். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "நான் 1993 ஆகஸ்டிலேயே அழுது முடித்துவிட்டேன்" என்றார். பட்டம் வாங்கித் தந்த டான் ஜேம்ஸ், கல்லூரிகளின் பசிபிக் பத்து கூட்டமைப்பு விதித்த தண்டனையை எதிர்த்து, சீசன் தொடங்கச் சில நாள் இருக்கும்போது ராஜினாமா செய்த மாதம் அது. பெரியவர் கணக்கில் அதற்கப்புறம் போனவர்கள் எல்லாம் சில்லறை. இன்னொரு கோச் சார்க்கீசியன் 2013இல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனபோதும் இதே வேலியோரம் இதையேதான் சொன்னாராம்.

பெரியவருக்கு என்ன, வயசு ஆறப்போட்டிருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது. ஒப்பந்தத்தை முறித்ததற்கு 1.2 கோடி டாலர் நம் பல்கலைக்கழகத்துக்கு வருமாம். அதை வைத்து நான் என்ன செய்ய?

ஜனவரி 15, திங்கள், பொங்கல்

மார்ட்டின் லூதர் கிங் நாள் விடுமுறையும் பொங்கலும் இந்த முறை ஒரே நாளில். பால் பொங்கும் நேரத்தில் அம்மாவின் வீடியோ கால். அம்பாசமுத்திரத்தில் ராத்திரி ஆகியிருந்தது. என் முகத்தைப் பார்த்ததும், "ஏட்டி, நல்ல நாளும் அதுவுமா என்ன மூஞ்சி இது?" என்றாள். சொன்னேன்.

"சம்பளம் கூடக் கொடுத்தானா?"

"கொடுத்தாங்கம்மா."

"பிறகென்ன? நம்ம ஊர் கணக்கு வாத்தியார் திருநவேலி டியூசனுக்குப் போகலையா? போகத்தான் செய்வான். புதுசா யாரு வாரா?"

ஜெட் ஃபிஷ் என்றேன். "மீனா?" என்று கேட்டுவிட்டு அம்மா சிரித்த சிரிப்பில் பொங்கல் அடிபிடித்துவிட்டது.

ஃபிஷ் வருவது நேற்றுத்தான் தெரிந்தது. எங்கிருந்து? அரிசோனாவிலிருந்து. 2021இல் பன்னிரண்டில் ஒன்று மட்டும் ஜெயித்த அணியை இந்த சீசனில் பத்து வெற்றிக்குக் கொண்டுவந்தவர். அதாவது, வெள்ளிக்கிழமை என்னைத் தேற்றியவளின் கோச்சை ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தூக்கிக்கொண்டோம்.

ஜனவரி 16, செவ்வாய்

ஆபீஸில் அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு பின்பக்க வழியாகப் போனேன். பத்தரைக்கு அவளே வந்து நின்றாள். "உங்களுக்கு அலபாமா. எங்களுக்கு நீங்கள்தான் அலபாமா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. காபி வாங்கிக் கொடுத்தேன்.

சாயங்காலத்துக்குள் அரிசோனா, சான் ஹோசே ஸ்டேட்டிலிருந்து பிரென்ட் பிரென்னனைக் கூட்டிக்கொண்டது. இப்போது சான் ஹோசேக்காரர்கள் யாரையோ தேடிக்கொண்டிருப்பார்கள். 2021 நவம்பரில் டிபோரை நாங்கள் கூட்டி வந்தது ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டிலிருந்து. அன்று நான் கேசரி கிளறினேன். ஃப்ரெஸ்னோவில் யார் என்ன செய்தார்கள் என்று எனக்கு நினைப்பே வரவில்லை.

பிப்ரவரி 13

சுருக்கமாக, யார் யார் எங்கே. கோச் மாறினால் ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிக்குத் தாவ இந்த வருஷ விதிப்படி டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 30 நாள் திறந்திருக்கும். ஜெர்மி பெர்னார்ட், பார்க்கர் பிரெயில்ஸ்ஃபோர்டு, ஆஸ்டின் மேக் மூவரும் டிபோர் பின்னாலேயே அலபாமாவுக்கு. மிசிசிப்பி ஸ்டேட்டிலிருந்து எங்களிடம் வந்த குவார்ட்டர்பேக் வில் ரோஜர்ஸ், ஒரு ஆட்டம்கூட ஆடாமல் மறுபடி போர்ட்டலுக்குள் போய், அப்புறம் மனசு மாறித் திரும்பிவிட்டார். அரிசோனாவிலிருந்து ஃபிஷ் பின்னால் ஜோனா கோல்மன் வருகிறார், ஓடுகிற ஆள், நல்ல கட்டை.

வேடிக்கை ரயன் கிரப். டிபோரின் வலது கை, தாக்குதல் ஆட்டத்தை வகுப்பவர். அலபாமாவுக்குப் போனார், பெட்டியைப் பிரிப்பதற்குள் சீஹாக்ஸ் கூப்பிட, சியாட்டிலுக்கே திரும்பிவிட்டார். என் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெரு என்று நினைத்தால் ஒரு அல்ப சந்தோஷம்.

மிச்சிகன் கோச் ஹார்பாவும் அதை விட்டுத் தொழில்முறை அணியான சார்ஜர்ஸுக்குப் போயாயிற்று. இறுதிப் போட்டியில் மோதிய இரண்டு கோச்சும் மூன்று வாரத்துக்குள் காலி.

மார்ச் 29

இந்த மாதம் விளையாட்டுத் துறை இயக்குநரும் கிளம்பிவிட்டார். போன அக்டோபரில் வந்த டிராய் டேனன், நெப்ராஸ்காவுக்கு. பதிலுக்கு வருபவர் பேட் சுன். எங்கிருந்து? வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்து! பரம எதிரி வீட்டிலிருந்து. பசிபிக் பன்னிரண்டு கூட்டமைப்பை (அந்தப் பழைய பசிபிக் பத்துதான்) உடைத்துவிட்டு நாங்கள் பிக் டென் கூட்டமைப்புக்குக் கிளம்பியதில் நடுத்தெருவில் நின்ற கல்லூரிகளில் அதுவும் ஒன்று. இப்போது அவர்களுடைய ஆளையும் எடுத்துக்கொண்டோம். எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

சென்னையிலிருந்து தம்பியின் புலம்பல் வேறு: தோனி கேப்டன் பதவியை ருதுராஜிடம் கொடுத்துவிட்டாராம். "டேய், உங்க ஆள் டீமிலேயேதானே இருக்கார்?" என்று கேட்டு வைத்தேன்.

ஏப்ரல் 26

தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில் பெனிக்ஸ் எட்டாவது ஆளாக அட்லாண்டாவுக்கு, ஒடுன்சே ஒன்பதாவதாகச் சிகாகோவுக்கு. அட்லாண்டாவில் இன்னொரு குவார்ட்டர்பேக் கர்க் கஸின்ஸுக்குப் போன மாதம்தான் அள்ளிக் கொடுத்தார்கள், இவரை எதற்கு எடுத்தார்கள் என்று டிவியில் சண்டை. பெரியவர் வேலியோரம் வந்து இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் போனார். முதல் பத்தில் இரண்டு பேர் எங்கள் பிள்ளைகள் என்று அர்த்தம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அம்மா ஜூனிலேயே வந்துவிட்டாள். நேற்று அவளோடு டிவியில் ஆப்பிள் கப் பார்த்தேன். வாஷிங்டன் ஸ்டேட்டுக்கும் எங்களுக்கும் வழக்கமாக நவம்பர் கடைசியில் நடப்பது. கூட்டமைப்பு பிரிந்த பிறகு செப்டம்பருக்கு வந்துவிட்டது.

24-19, தோற்றோம். கடைசி நிமிஷம். கோட்டுக்கு ஒரு கஜம்கூட இல்லை. நாலாவது டவுன். கோல்மன் மாதிரி ஒரு ஆளை வைத்துக்கொண்டு நேராக முட்டித் தள்ளாமல், ரோஜர்ஸை இடம் குறைவான பக்கமாக ஓடவிட்டு, அவர் கடைசி நொடியில் கோல்மனுக்குத் தட்டிவிட, எதிரிகள் அங்கே காத்துக்கொண்டு நின்றார்கள்.

"வாசல் நேரா இருக்கும்போது எதுக்குக் கொல்லைப்பக்கமா சுத்துதான்?" என்றாள் அம்மா. விளையாட்டு தெரிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ராத்திரி முழுக்க ஆயிரக்கணக்கான ஹஸ்கி ரசிகர்கள் கேட்டதும் இதைத்தான்.

போன வருஷ ஆப்பிள் கப் நினைவுக்கு வந்தது. கடைசி நொடியில் கிரேடி கிராஸ் 42 கஜத்திலிருந்து உதைத்து ஜெயித்தார், 24-21. உடைமாற்றும் அறையில் எல்லார் முன்னாலும் டிபோர் அந்தப் பையனுக்கு ஸ்காலர்ஷிப் அறிவித்தார். அந்த வீடியோவை நேற்று மறுபடி பார்த்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கண்தான் கலங்கியது.

செப்டம்பர் 29, ஞாயிறு

வெள்ளிக்கிழமை நியூ ஜெர்சி வரை பறந்து போய் ரட்கர்ஸிடம் 21-18 தோல்வி. கடைசியில் சமன் செய்ய வெகுதூரத்திலிருந்து கிராஸ் உதைத்த பந்து தவறியது. சனிக்கிழமை அலபாமா, ஜார்ஜியாவை 41-34 ஜெயித்தது. முதலில் 28-0 என்று இருந்தது, விட்டுப் பிடித்து, 17 வயசுப் பையன் ரயன் வில்லியம்ஸ் 75 கஜ ஆட்டத்தில் பந்தைப் பிடித்து ஓடி மீட்டுக் கொடுத்தான். பெர்னார்டைச் சிவப்புச் சட்டையில் பார்த்தேன். டிபோரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

சரி. நான் ஏன் அந்த ஆட்டத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்தேன் என்று இவர் கேட்டார். பதில் இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கவேண்டும்.

நேற்று மிச்சிகன் இங்கே வந்தது. ஜனவரிக்குப் பிறகு முதல்முறை. இவர் தன் டிக்கெட்டை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தார். ஆகஸ்ட் கடைசியில்தான் லின்வுட் வரை ரயில் வந்தது, இனிக் கார் நிறுத்தும் தொல்லை இல்லை. அம்மா கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலை, மேலே என் குளிர்கோட்டு, காலில் இவருடைய சாக்ஸ். ரயிலில் மூன்று பெண்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். வாசலில்தான் சிக்கல். உள்ளே தெரிகிற கண்ணாடிப் பைதான் கொண்டுபோகலாம். அம்மாவின் மஞ்சப்பையில் இருந்த முறுக்கையும் மூக்குக்கண்ணாடியையும் என் பைக்கு மாற்றி, மஞ்சப்பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மேலே ஏறி உட்கார்ந்ததும் ஏரியைப் பார்த்தாள். படகிலேயே வந்து, கரையில் கட்டிவிட்டு ஆட்டம் பார்க்க வருகிறார்கள். "தெப்பத் திருவிழாவா?" என்றாள்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். எங்கள் முன்வரிசையில் ஒருவர் போனைப் பார்த்தபடி எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் இருப்பவரிடம் காட்டினார். அவர் தலையில் கை வைத்தார். அப்படியே வரிசை வரிசையாகப் பரவியது: நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் 40, அலபாமா 35. தரவரிசையில் முதல் இடத்தில் இருந்த அணி, 40 வருஷமாகத் தன்னை ஜெயிக்காத வாண்டர்பில்ட்டிடம் தோற்றுவிட்டது.

மைதானத்தில் ஒன்றுமே நடக்காத நேரத்தில் எங்கள் பகுதியில் மட்டும் ஒரு ஆரவாரம். நானும் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்டது.

"யாரு ஜெயிச்சா?" என்றாள் அம்மா.

"அந்தப் பழைய கோச் தோத்துட்டாரும்மா."

"அதுக்கா இந்தக் கூப்பாடு? நம்ம ஆட்டத்தைப் பாரு."

நம்ம ஆட்டம் 14-0 என்று நன்றாகப் போய், அப்புறம் 14-17 ஆகி, வயிற்றைக் கலக்கியது. நாங்கள் ஒவ்வொரு முறை புள்ளி எடுக்கும்போதும் ஸ்டேடியத்தில் சைரன் ஊதுவார்கள். முதல்முறை அம்மா தூக்கிவாரிப்போட்டு என் கையைப் பிடித்தாள். பிறகு, "விக்கிரமசிங்கபுரத்து மில் சங்கு மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு தடவையும் அதற்காகக் காத்திருந்தாள். ரட்கர்ஸில் தவறவிட்ட அதே கிராஸ் உதைத்து 17-17. சங்கு. மறுபடி உதைத்து 20-17. சங்கு. கடைசியில் ஒரே ஒரு கஜத்தில் கோல்மன் நேராக, வாசல் வழியாக முட்டிக்கொண்டு உள்ளே போனார். 27-17. அம்மா என்னைப் பார்த்து, "நான் அன்னைக்கே சொன்னேன்லா?" என்றாள்.

ராத்திரி வீட்டுக்கு வந்து பார்த்தால், நாஷ்வில்லில் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போய்க் கம்பர்லேண்ட் ஆற்றில் போட்டிருக்கிறார்கள். பேட்டியில் டிபோர் முகம் சோர்ந்திருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

நாளை அயோவாவில் ஆட்டம். அங்கே காலை பதினொரு மணி, இங்கே காலை ஒன்பது மணி. மாவு அரைத்து வைத்துவிட்டேன். பெரியவரையும் இட்லிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். அயோவாக்காரர்கள் முட்டித் தள்ளி ஓடுகிறவர்கள், எங்கள் தடுப்பு வரிசை மெலிசு, பயமாகத்தான் இருக்கிறது.

சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே அம்மா கேட்டாள், "அந்த அலபாமாக்காரருக்கு நாளைக்கு யாரோட?"

"சவுத் கரோலைனா. அதுவும் ஒன்பது மணிக்குத்தான்." யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அம்மா துருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

டிவியில் அயோவா. லேப்டாப்பைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.