ஆலை கேட்டைத் தாண்டி ஒரு எச்.ஐ.வி. திட்டம்

விழுப்புரம் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் தொழிலாளர் நல அலுவலராக இருக்கிறேன். எச்.ஐ.வி. திட்டம் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. டிசம்பர் 1 உறுதிமொழி, கேன்டீன் சுவரில் 1097 உதவி எண், 100 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கு 2017-இன் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் சொல்லும் புகார் அலுவலர், எல்லாம் உண்டு. ஆனால் அத்தனையும் ரோலில், அதாவது ஆலையின் சம்பளப் பட்டியலில், இருப்பவர்களுக்குத்தான். கரும்பு போடும் விவசாயி, வெட்டாள், டிராக்டர் ஓட்டுநர் யாரும் ரோலில் இல்லை. அரவை தொடங்கினால் வெட்டாட்கள் ஊரை விட்டு வந்து மாதக்கணக்கில் வயலோரக் குடிசையில் கிடப்பவர்கள்.

"வெட்டுக்கூலி விவசாயி கொடுக்கிறார், நமக்கு என்ன பொறுப்பு?" என்று நிர்வாகம் கேட்டது. பரிசோதனை, ஆலோசகர், ஆணுறை, மருந்து எல்லாமே அரசு இலவசமாகத் தருவது. நாம் தர வேண்டியது இடம், வண்டி, கரும்புப் பிரிவு ஆட்களின் நேரம் மட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வெட்டாள் படுத்தால் அரவை படுக்கும் என்றும் ஒரு வரி சேர்த்தேன். அந்த வாதம் எனக்குப் பிடிக்காது. கையெழுத்து வந்தது என்னவோ அந்த வரிக்குத்தான்.

மாவட்ட எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டு அலகில் கடிதம் கொடுத்ததும் நடமாடும் நம்பிக்கை மைய (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) வண்டி அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பக்கம் சுலபம். விவசாயிகள் கூட்டம்தான் சுலபமாக இல்லை. நான் வாயைத் திறக்கும் முன்பே, "கரும்புப் பணம் எப்ப சார் வரும்?" நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. பிறகு தனிக் கூட்டம் போடுவதை விட்டுவிட்டு, கரும்பு அலுவலர் வெட்டு உத்தரவு கொடுக்கும் நாளில் கூடவே போய்ப் பத்து நிமிடம் பேசினேன். அது எடுபட்டது.

உண்மையான சிக்கல் வெட்டாட்களைக் கூட்டி வரும் மேஸ்திரிகள். அவர்கள் இல்லாமல் கும்பலிடம் நெருங்கவே முடியாது. அதே சமயம் முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பவரும் அவர்தான். ஒரு மேஸ்திரி சொன்னார்: "எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்து லிஸ்ட்டை எங்கிட்ட கொடுங்க சார். இருக்கிறவனை ஊருக்கு அனுப்பிடறேன்." பரிசோதனை அவரவர் சம்மதத்தோடுதான், முடிவு பரிசோதனை செய்துகொண்டவருக்கு மட்டும்தான், அதைக் காட்டி வேலையை விட்டு அனுப்புவதைச் சட்டம் தடை செய்கிறது என்று அங்கேயே சொல்லிவிட்டோம். முகம் சுருங்கியது. முகாம் நடக்கும்போது அவரை எடைமேடைப் பக்கம் ஏதாவது வேலையாக அனுப்பிவிடுவது வழக்கமாயிற்று.

எச்.ஐ.வி. முகாம் என்று பேனர் கட்டினால் ஒரு பெண்கூட வரமாட்டார். அதனால் பொது மருத்துவ முகாம்: ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை, சளிப் பரிசோதனை. கத்திக் காயத்துக்குக் கட்டும் போட்டோம், அதற்குத்தான் கூட்டம் அதிகம். எல்லோரும் ஒரே கூடாரத்தில் நுழைந்து ஒரே வழியாக வெளியே வருவார்கள். ஆலோசகரிடம் போனவர் யார், எதற்குப் போனார் என்பது வரிசையில் நிற்பவருக்குத் தெரியாது. சம்மதித்தவருக்கு விரலில் குத்தி முதல்கட்டச் சோதனை. அதில் ஐயம் வந்தால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் உறுதி செய்வார்கள். எத்தனை பேருக்கு வந்தது என்று நிர்வாகம் கேட்டது. எனக்கே தெரியாது, தெரியவும் கூடாது என்றேன்.

பருவம் முடியும்போது வேறு வேலை. ஏ.ஆர்.டி. மருந்து (எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர் ஊர் திரும்பினால் மாத்திரை ஒருநாளும் விடுபடக் கூடாது. சொந்த மாவட்ட மையத்துக்கு மாற்றுக் கடிதம் வாங்குவது, கைவசம் மாத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது, இதையெல்லாம் கிளம்புவதற்கு முந்தின வாரமே ஆலோசகர்கள் தொடங்கிவிடுவார்கள். அதற்காக வெட்டு முடியும் தேதியைக் கரும்புப் பிரிவு முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்கிறது. பெயர் எதுவும் கிடையாது, தேதி மட்டும்தான்.

ஓட்டுநர்கள்தான் இன்னும் பாக்கி. டோக்கன் வாங்கி வண்டி வரிசையில் அவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பது நடுராத்திரியில், ஆலோசகரின் வேலை நேரமோ மாலையில் முடிந்துவிடுகிறது. வாரம் ஒரு இரவாவது வரச் சொல்லி அலகுக்கு எழுதியிருக்கிறேன்.